பாகம் பிரிக்காத கடை: நகைச்சுவைத் தொடரின் பைலட் எழுதுவது எப்படி?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பத்திர எழுத்தர் ஒருவரிடம் கணினித் தட்டச்சராக வேலை பார்க்கிறேன். ஓடிடி தளத்துக்கு ஒரு நகைச்சுவைத் தொடர் எழுத வேண்டும் என்று ஆசை. எனக்குத் தெரிந்த இந்த இடத்தையே களமாக வைத்து முதல் எபிசோடை, அதாவது பைலட்டை, எழுதிவிட்டேன். 64 பக்கம் வந்திருக்கிறது. படித்த தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் சென்னையில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் படித்துப் பார்த்தவர், “நன்றாக இருக்கிறது, ஆனால் ஸ்கிட் மாதிரி இருக்கிறது” என்று திருப்பி அனுப்பிவிட்டார். என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. பைலட் எழுத எங்கே, எப்படிக் கற்றுக்கொள்வது? வகுப்பில் சேர வேண்டுமா? கதையை நான்கு பேருக்கு அனுப்பினால் திருடிவிடுவார்கள் என்று பயமாகவும் இருக்கிறது. நான் எழுதுவது என் முதலாளிக்குத் தெரியாது. ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

64 பக்கங்களையும் படித்தேன். சாட்சிக் கையெழுத்துப் போடுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் பெரியவர், “இவரைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்” என்று சார்பதிவாளரிடம் சொல்லிவிட்டு, திரும்பி அந்த ஆளிடமே “தம்பி, உங்கள் பெயர் என்ன?” என்று கேட்கிறாரே, அங்கே வாய்விட்டுச் சிரித்தேன். ராகு காலம் கழியட்டும் என்று படியிலேயே நின்ற குடும்பம் டோக்கன் நேரத்தைத் தவறவிடுவதும், அடுத்து கிடைக்கும் நேரம் எமகண்டத்தில் விழுவதும் நல்ல வேடிக்கை. உங்களுக்குச் சிரிக்க வைக்கத் தெரிகிறது. அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆனாலும் அந்தச் சென்னைக்காரர் சொன்னது சரிதான்.

ராகு காலக் காட்சியை மட்டும் உருவி எடுத்துவிட்டால் உங்கள் எபிசோடு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. முன்னும் பின்னும் இருக்கிற காட்சிகள் அது போனதைக் கவனிக்கக்கூட மாட்டா. அதை இன்னொருவர் எழுதிய கதைக்குள் கொண்டுபோய்ச் செருகினாலும் இதே அளவு சிரிப்பு வரும். ஸ்கிட் என்று அவர் சொன்னது இதைத்தான்.

இதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் காது அப்படிப் பழகியிருக்கிறது. தமிழ் சினிமாவில் என்.எஸ்.கிருஷ்ணன் காலம் தொட்டே நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எழுதி, தனியாக எடுத்துப் படத்தில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. கதை ஒருவர், காமெடி டிராக் வேறொருவர். கவுண்டமணி, செந்தில் காலம் வரை அது ஒரு தனித்தொழிலாகவே நடந்தது. படத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் படம் தொடர்ந்தது. அந்த டிராக்குகளில் பல அசாத்தியமானவை, அதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கேட்டு வளர்ந்த நாம், நகைச்சுவை என்றால் கழற்றி மாட்டக்கூடிய சரக்கு என்று நினைத்துக்கொண்டுவிட்டோம். அரைமணி நேர நகைச்சுவைத் தொடரில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே டிராக்தான் கதை.

பைலட் என்பது தொடரின் முதல் அத்தியாயம் என்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் எழுத உட்காருகிறார்கள். அதனால் ஆரம்பத்தை எழுதுகிறார்கள்: ஊர் அறிமுகம், குடும்ப அறிமுகம், முன்கதை. வாங்குகிறவர் அதைத் தேடிப் படிப்பதில்லை. ஐம்பதாவது எபிசோடு எப்படி இருக்கும் என்று இதிலேயே தெரிகிறதா என்று பார்க்கிறார். அதற்கு உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: ஒருவரையொருவர் சகிக்க முடியாத இந்த மனிதர்கள் ஏன் இந்த இடத்தைவிட்டுப் போகவில்லை?

இதை நான் எந்தப் பாடப் புத்தகத்தைவிடவும் ஒரு பழைய பிரிட்டிஷ் நாடகத்தில்தான் தெளிவாகக் கண்டேன். 1962 ஜனவரியில் பிபிசி ‘காமெடி பிளேஹவுஸ்’ என்ற வரிசையில் ‘தி ஆஃபர்’ என்ற அரைமணி நாடகத்தை ஒளிபரப்பியது. எழுதியவர்கள் ரே கால்ட்டன், ஆலன் சிம்ப்சன். வாரம் ஒரு தனிக்கதை என்ற ஏற்பாட்டில் எழுதியது. தொடராக்கும் எண்ணம் அவர்களுக்கு அப்போது இல்லை. லண்டனில் குதிரை வண்டி ஓட்டிப் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு கிழவரும், கல்யாணம் ஆகாத அவருடைய மகனும்தான் பாத்திரங்கள். மகன் இன்று போய்விடுகிறேன் என்கிறான். வேறு இடத்தில் வாய்ப்பு வந்திருக்கிறதாம். தன் சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறான். கிழவர் தடுக்கவில்லை, அழவில்லை. குதிரையை மட்டும் தர மாட்டேன் என்கிறார். சரி, நானே இழுத்துக்கொண்டு போகிறேன் என்று மகன் வண்டியின் ஏர்க்காலைப் பிடிக்கிறான். இழுக்கிறான். வண்டி அசையவில்லை. மறுபடியும் இழுக்கிறான். கடைசியில் அந்த வண்டிமேல் சாய்ந்து அழுகிறான். கிழவர் வந்து, உள்ளே வந்து ஒரு டீ குடி, இன்னொரு நாள் போகலாம் என்று கூட்டிக்கொண்டு போகிறார்.

அவ்வளவுதான் கதை. பார்த்தவர்களுக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. பிபிசி அந்த இருவரையும் விடாப்பிடியாகச் சம்மதிக்க வைத்து அதே ஆண்டில் ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ என்று தொடராக்கியது. நடுவில் சில ஆண்டுகள் நின்றாலும் 1974 வரை வந்தது. அமெரிக்காவில் 1972-ல் ‘சான்ஃபோர்ட் அண்ட் சன்’ என்று மறுபிறவி எடுத்தது. (ஒரு வேடிக்கை: தகப்பனாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல் பிறந்தது 1912-ல், மகனாக நடித்த ஹாரி கார்பெட் 1925-ல். நல்ல ஸ்கிரிப்ட் இருந்தால் பதின்மூன்று வயது வித்தியாசமே ஒரு தலைமுறைக்குப் போதும்.)

அசையாத அந்த வண்டிதான் பைலட். மகன் அடுத்த வாரமும் போகப் பார்ப்பான், அதற்கடுத்த வாரமும் போகப் பார்ப்பான், போகவே மாட்டான் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இனி எத்தனை கதை வேண்டுமானாலும் எழுதலாம்.

இப்போது உங்கள் ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். உங்களிடமும் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. 41-ஆம் பக்கத்தில் ஒரே வரியில் போட்டுப் புதைத்துவிட்டீர்கள். கதையில் வரும் தட்டச்சுப் பெண்ணின் அப்பாவான பத்திர எழுத்தரும், அதே கடையில் தனியாக மேசை போட்டிருக்கும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை என்று 12-ஆம் பக்கத்தில் வருகிறது. சண்டைக்குக் காரணம் ஏதோ கல்யாண வீட்டில் நடந்த மரியாதைக் குறைவு என்று ஒரு பிளாஷ்பேக் வைத்திருக்கிறீர்கள். அது போகட்டும். 41-ஆம் பக்கத்தில் டீக்கடைக்காரர் போகிற போக்கில், “ஊருக்கெல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிற கடை, அந்தக் கடைக்கு இன்னும் பாகம் பிரிக்கவில்லை” என்கிறார். அந்த வரியைப் படித்ததும் ஸ்கிரிப்டைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா, இதுதான் உங்கள் தொடர்!

யோசித்துப் பாருங்கள். தாத்தா வைத்துவிட்டுப் போன ஒரு கடை. இரண்டு மகன்களும் உரிமம் பெற்ற பத்திர எழுத்தர்கள். கடையை விற்கலாம் என்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பாகம் பிரிக்கலாம் என்றால் பத்திரம் யார் எழுதுவது? அண்ணன் எழுதினால் தம்பி நம்பமாட்டார், தம்பி எழுதினால் அண்ணன் நம்பமாட்டார். வெளியாளிடம் போனால், சொந்தக் கடைக்கே பத்திரம் எழுதத் தெரியாதவர்கள் என்று ஊர் சிரிக்கும். ஆகவே கடைக்கு நடுவே தரையில் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒரு மேசை. கணினி ஒன்றுதான், தட்டச்சுத் தெரிந்த ஆளும் ஒருத்திதான். அவள் தம்பியின் மகள், அண்ணனின் செல்லம். நாற்காலி கோட்டின் மேல் இருக்கிறது. யாரும் வெளியே போக முடியாது. இதற்குள் மற்றவர்களின் சொத்துத் தகராறுகள் தினமும் டோக்கன் எடுத்துக்கொண்டு வந்துகொண்டே இருக்கும்.

நீங்களோ 62-ஆம் பக்கத்தில் அண்ணன் தம்பியைக் கட்டிப் பிடித்து அழ வைத்துவிட்டீர்கள். கண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது எபிசோடில் என்ன காட்டப் போகிறீர்கள்? அந்தக் கட்டிப்பிடித்தலை எடுத்துவிடுங்கள். அதற்குப் பக்கத்தில் வரை வரலாம். கை நீளும் வரை வரலாம். பிறகு ஏதோ ஒரு அற்பக் காரணத்தில் கை திரும்பிப் போக வேண்டும். எல்லாம் தீர்ந்துவிட்டால் அது சினிமா. நகைச்சுவைத் தொடரில் அன்றைய பிரச்சினை தீரலாம், அடிப்படைச் சிக்கல் தீரவே கூடாது.

அடுத்தது அறிமுகம். முதல் நான்கு பக்கங்களில் ஒரு குரல் ஒன்பது பேரை வரிசையாக அறிமுகம் செய்கிறது. “இவர்தான் பெரியப்பா, கோபக்காரர், ஆனால் மனசு வெள்ளை” என்று குரல் சொல்கிறது. கோபக்காரர் என்று சொன்னால் யாருக்கும் கோபம் தெரியாது. மின்விசிறியைப் பெரியப்பாவின் பாதியில் மாட்டுங்கள், அதன் சுவிட்சை அப்பாவின் பாதியில் வையுங்கள். காலை ஒன்பதரை மணி, வெயில் ஏறுகிறது. பெரியப்பாவுக்கு வியர்க்கிறது. தம்பியிடம் கேட்க மாட்டார். கைக்குட்டையை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி உதறித் துடைக்கிறார். அப்பா தலை தூக்காமல் முத்திரைத்தாளைச் சரிபார்க்கிறார். மகள் தட்டச்சு செய்துகொண்டே காலை நீட்டிக் கட்டைவிரலால் சுவிட்சைப் போடுகிறாள். எத்தனை ஆண்டுகளாக இப்படி நடக்கிறது என்று அந்தக் கால் சொல்லிவிடும். ஒரு வசனமும் இல்லை. அரைப் பக்கம்கூட ஆகாது. மூன்று பேரும் அறிமுகமாகிவிட்டார்கள்.

அறிமுகத்துக்கு நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது ‘சியர்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் முதல் எபிசோடு. 1982 செப்டம்பர் 30 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது, எழுதியவர்கள் கிளென் சார்லஸ், லெஸ் சார்லஸ் என்ற சகோதரர்கள். பாஸ்டன் நகரத்து மதுக்கூடம் ஒன்றில் எபிசோடு முழுவதும் நடக்கிறது. காமிரா அதைவிட்டு வெளியே போவதில்லை. டயான் என்ற படித்த பெண், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பேராசிரியரோடு உள்ளே வருகிறாள். விமானம் ஏறுவதற்கு முன்பு, முன்னாள் மனைவியிடம் இருக்கிற பாட்டியின் மோதிரத்தை வாங்கி வந்துவிடுகிறேன், இங்கேயே இரு என்று அவர் போகிறார். அவள் காத்திருக்கிறாள். எந்தப் படத்தில் நடிகர்களுக்கு அதிகம் வியர்த்தது என்று குடிகாரர்கள் சுற்றி உட்கார்ந்து விவாதம் செய்கிறார்கள். மணி போகிறது. பேராசிரியர் முன்னாள் மனைவியோடேயே போய்விட்டார் என்பது எல்லாருக்கும் புரிகிறது, அவளுக்குத்தான் கடைசியில் புரிகிறது.

மதுக்கூடத்துக்கு அது சாதாரண நாள், டயானுக்கு வாழ்க்கை கவிழ்ந்த நாள். இரண்டும் ஒரே எபிசோடில். புதிதாக வந்தவள் எதைக் கவனிக்கிறாளோ அதையே நாமும் கவனிக்கிறோம். அறிமுகக் குரலுக்கு வேலையே இல்லை. முதலாளி சாம் பழைய பேஸ்பால் வீரர், குடியை விட்டவர், ஆனால் சாராயம் விற்று வாழ்கிறவர். அவரையும் அந்த இடத்தைவிட்டுப் போகவிடாத பூட்டு அதுதான். முடிவில் டயான் வேறு வழியில்லாமல் அங்கேயே பரிமாறும் வேலைக்குச் சேர்கிறாள். தன் முதல் மேசைக்குப் போய், தான் ஏன் இந்த வேலைக்கு வர நேர்ந்தது என்று ஒரு நீண்ட விளக்கம் கொடுக்கிறாள். எதிரே இருப்பவர் வெளிநாட்டுக்காரர். கையிலிருக்கும் சொற்றொடர்ப் புத்தகத்தைப் புரட்டி, போலீஸ் எங்கே, எங்கள் பெட்டிகள் தொலைந்துவிட்டன என்கிறார். அவளுடைய பெருமை, அவளுடைய பேச்சு, அதைக் கேட்க அங்கே ஆள் இல்லாதது எல்லாம் ஒரே நகைச்சுவையில். அந்தத் தொடர் பதினோரு சீசன் ஓடியது. முதல் ஆண்டில் பார்வையாளர் பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கற்றுக்கொள்வது எப்படி என்று கேட்டீர்கள். பிரித்துப் பார்த்துத்தான். உங்களுக்குப் பிடித்த மூன்று தொடர்களின் முதல் எபிசோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்றே குறிப்பு: யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள், காட்சி முடியும்போது என்ன மாறியது. பக்கத்தில் நிமிடத்தைக் குறியுங்கள். ஜோக்குகளை எழுதாதீர்கள், எழுதினால் மனம் அவற்றின் பின்னால் போய்விடும். முடித்ததும் கையில் இரண்டு பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு இருக்கும். அதில் சிரிப்பே இருக்காது, ஆனாலும் நிற்கும். உங்கள் ஸ்கிரிப்டுக்கும் அதே மாதிரி ஒன்று போட்டுப் பாருங்கள். எங்கே சரிகிறது என்று நான் சொல்லவே வேண்டாம்.

இதற்கு நம் கைக்கெட்டிய நல்ல ஜோடி ஒன்று இருக்கிறது. 2020-ல் வந்த ‘பஞ்சாயத்’ இந்தித் தொடர், அதன் தமிழ் வடிவமாக நாகா இயக்கத்தில் 2024-ல் வந்த ‘தலைவெட்டியான் பாளையம்’. என்ஜினீயரிங் படித்தவன், வேறு வேலை கிடைக்காமல் உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் பஞ்சாயத்துச் செயலர் ஆகிறான். மாதம் இருபதாயிரம் ரூபாய்ச் சம்பளம். மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்து எப்படியாவது தப்பித்துவிட வேண்டும் என்பது திட்டம். போய் இறங்கிய அன்றே பஞ்சாயத்து அலுவலகப் பூட்டின் சாவியைக் காணவில்லை. முதல் எபிசோடின் பெரும்பகுதி அந்தப் பூட்டைச் சுற்றித்தான். கொலை இல்லை, காதல் இல்லை, ஒரு பூட்டு! வெளியே போக நினைப்பவனுக்கு உள்ளே போகவே வழியில்லை. இரண்டு மொழியிலும் முதல் எபிசோடுகளை அடுத்தடுத்துப் பார்த்து, எலும்பில் எது அப்படியே வந்திருக்கிறது, தோலில் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எந்த வகுப்பும் இதைவிட அதிகமாகச் சொல்லித் தராது.

பிறகு உங்கள் தொடருக்குப் பத்து எபிசோடுகளின் ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், எழுதுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு வரி. பத்து வரவில்லை என்றால் பைலட்டில் கோளாறு; வசனத்தில் தேடாதீர்கள், அடிப்படைச் சிக்கலில் தேடுங்கள். அமெரிக்காவில் கார்ல் ரைனர் தன் தொடருக்குப் பைலட் எடுப்பதற்கு முன்பே 13 எபிசோடுகளை முழுதாக எழுதி வைத்திருந்தார். அவரே நடித்த அந்தப் பைலட் 1960-ல் விலைபோகவில்லை. ஆனால் எழுத்து கையில் இருந்தது. நடிகர்களை மாற்றி 1961-ல் வந்ததுதான் ‘தி டிக் வேன் டைக் ஷோ’. பைலட் கல்வெட்டு அல்ல. 1989-ல் ஒளிபரப்பான ‘சைன்ஃபெல்ட்’ முதல் எபிசோடில் எலேன் என்ற பாத்திரமே கிடையாது. அவள் இல்லாமல் அந்தத் தொடரை இன்று யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

உங்கள் எபிசோடின் சீன் ஆர்டரை நானே கொஞ்சம் போட்டுப் பார்த்தேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று பாகப்பிரிவினைக்கு வரும் கட்சிக்காரர்களும் அண்ணன் தம்பிகள். அண்ணன்காரன் பெரியப்பாவின் மேசையில் உட்காருகிறான், தம்பிக்காரன் அப்பாவின் மேசையில். பொதுச்சுவர் யாருக்கு என்று இழுபறி. அவர்களைச் சமாதானம் செய்யப் பெரியப்பா உதிர்க்கும் தத்துவங்கள் எல்லாம் சுற்றிவந்து அவர் தலையிலேயே விழுகின்றன. இது முதல் இழை. இரண்டாவது இழைக்கு அந்தச் சாட்சிப் பெரியவர். ஊரில் எல்லாரையும் அடையாளம் காட்டியவருக்கு இன்று சொந்த வேலை ஒன்று. ஆதாருக்குக் கைரேகை விழவில்லை. தேய்ந்துவிட்டது. இவர் இன்னார்தான் என்று அடையாளம் காட்ட ஒருவர் வேண்டும், அவருக்கோ சாட்சி சொல்லிப் பழக்கம், சாட்சி கேட்டுப் பழக்கம் இல்லை. இரண்டு இழையும் கடைசியில் முட்ட வேண்டும்: கட்சிக்காரர்கள் ஒருவழியாகச் சம்மதித்து நிற்கிறார்கள், டோக்கன் அழைக்கப்படுகிறது, சாட்சிப் பெரியவரைக் காணோம். இப்போது ராகு காலக் காட்சியைக் கொண்டுவந்து இங்கே வையுங்கள். இதே நகைச்சுவை, ஆனால் இந்தத் தடவை உருவினால் எபிசோடு சரிந்துவிடும்.

பத்திரம் பதிவாகிவிடுகிறது. புறப்படும்போது அந்தத் தம்பிக்காரன் அண்ணாந்து பார்த்து, “உங்கள் கடை யார் பெயரில் இருக்கிறது?” என்று வெள்ளையாகக் கேட்கட்டும். யாரும் பதில் சொல்லக் கூடாது.

வசனத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். உங்கள் ஸ்கிரிப்டில் பேர் இருக்கும் பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தேன். பாதி இடங்களில் பேசுவது யார் என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர், சார்பதிவாளர், கல்லூரிப் பெண் எல்லாரும் ஒரே மாதிரி சாமர்த்தியமாகப் பேசுகிறார்கள். அது நீங்கள் பேசுவது. ஒரு பாத்திரத்தின் ஜோக்கை இன்னொருவர் வாயில் போட்டாலும் சிரிப்பு வருகிறது என்றால் அது இன்னும் யாருக்கும் சொந்தமாகவில்லை. பெரியப்பா எதைப் பேசினாலும் பத்திர நடையில் பேசுவார் என்று வைத்திருக்கிறீர்களே, இட்லியைக்கூட “நான்கு எல்லைக்கு உட்பட்ட” என்று வர்ணிக்கிறாரே, அது ஒன்று உருப்படி. அதையும் ஏழு தடவை செய்திருக்கிறீர்கள். மூன்று போதும், மூன்றாவது கோபத்தில் வரட்டும். உடல் பருமனைக் கேலி செய்யும் நான்கு வசனங்களை எடுத்துவிடுங்கள். அவை நீங்கள் எழுதியவை அல்ல, எங்கோ கேட்டவை.

நீளம். ஆங்கிலத்தில் அரைமணித் தொடருக்கு, ஒரே காமிராவில் சினிமா போல எடுப்பது என்றால், முப்பது முதல் முப்பத்தைந்து பக்கம் என்பது வழக்கம். அரங்கில் பார்வையாளர் முன் பல காமிராக்களில் எடுப்பதற்கு வரிகளை இடைவெளி விட்டு அச்சடிப்பதால் ஐம்பது பக்கம் வரை போகும். நீங்கள் இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று நம் ஊர் முறையில் எழுதியிருப்பதால் பக்கக் கணக்கு உதவாது. நான்கு பேரை உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். முப்பது நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். படிக்க உட்காருபவர்கள் உங்கள் தோழிகளாக இருக்க வேண்டாம்; அவர்கள் உங்களுக்காகச் சிரிப்பார்கள்.

வகுப்பு தேவையா? பணமும் நேரமும் இருந்தால் சேருங்கள், கெடுதல் இல்லை. வகுப்பில் கிடைக்கும் உண்மையான லாபம், கெடு தேதியும், உங்களைப் போலவே திணறும் நாலு பேரும். அதை ஊரிலேயே நீங்கள் உண்டாக்கிக்கொள்ள முடிந்தால் வகுப்புக் கட்டணம் மிச்சம்.

திருட்டு பற்றி. உங்கள் தொழிலே ஆவணம் என்பதால் நேராகச் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த கணத்திலிருந்தே ஸ்கிரிப்ட் உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை, தகராறு வந்தால் சான்றாக உதவும். மும்பையில் உள்ள திரைக்கதை எழுத்தாளர் சங்கமும் சென்னையில் உள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கமும் உறுப்பினர்களின் கதைகளைப் பதிவு செய்கின்றன. ஆனால் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. ஆர்.ஜி.ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் தன் நாடகத்தைத்தான் படமாக்கிவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-ல் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது, அவர் தோற்றார். ஆகவே “பத்திர எழுத்தர் கடையில் நடக்கும் காமெடி” என்று வாய்ச் சொல்லாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தால் பாதுகாப்பு இல்லை. காட்சி காட்சியாக எழுதி, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். அனுப்பாமல் பெட்டிக்குள் வைத்திருந்தால் யாரும் திருட மாட்டார்கள், யாரும் எடுக்கவும் மாட்டார்கள்.

முதலாளி விஷயம். கதையில் வரும் இருவரில் ஒருவருக்கு அவருடைய சாயல் இருக்கிறது என்று எனக்கே சந்தேகம் வருகிறது. பெயர், தோற்றம், அடிக்கடி சொல்லும் வார்த்தை இவற்றை மாற்றுங்கள். கடைக்கு வந்த உண்மையான கட்சிக்காரர்களின் சொத்து விவரம் எதையும் கதையில் கொண்டுவராதீர்கள். அது நகைச்சுவைக்கு வெளியே உள்ள விஷயம், நம்பிக்கை சம்பந்தப்பட்டது.

திருப்பி அனுப்பியவருக்கே மறுபடி அனுப்பலாமா என்று தயங்குவீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ முதல் ஸ்கிரிப்டைப் படித்த பிபிசி ஆள் ஒருவர், தேய்ந்துபோன பாத்திரங்கள், இது உருப்படாது என்று உள்குறிப்பு எழுதினார். 1975-ல் அது திரைக்கு வந்தது; மொத்தம் பன்னிரண்டே எபிசோடு, இன்றும் பிரிட்டனின் சிறந்த நகைச்சுவைத் தொடர்களின் வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். உங்களைப் படித்தவர் அந்த அளவுக்குத் தப்பாகவும் சொல்லவில்லை. சரியான குறையைச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் கிடைப்பது அபூர்வம். திருத்திய பைலட்டையும் பத்து ஒன்லைன்களையும் ஒரே கோப்பாக அனுப்பி, அவர் சொன்னதை வைத்து மாற்றியிருக்கிறேன் என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள். இரண்டாவது எபிசோடையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கேட்கும் வரை கொடுக்க வேண்டாம். அவர்களுக்குப் பிடித்துப்போய், இதை மாற்றுங்கள், அதை மாற்றுங்கள் என்று தொடங்கினால், ஒரு தடவை சும்மா செய்து கொடுங்கள். அடுத்த தடவை ஒப்பந்தமும் முன்பணமும் கேளுங்கள். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.